மூன்றாம் மாடியின் நிழல்

நடைபாதையில் குடியிருப்பவர்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தரப்படும், அதற்கு நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது என்று சட்டமன்றத்தில் அறிவித்த அதே வாரத்தில், உப்புக்கிடங்குத் தெருவில் வீட்டின் நிழல் வந்து விழுந்தது. வீடு வரவில்லை.

எங்கள் தெரு வடசென்னையில், துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் திரும்பும் இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் உப்பு மூட்டைகள் அடுக்கிய கிடங்கை இடித்துப் போட்ட காலிமனை ஒன்று உண்டு. அதற்கு மேற்கே உப்புக்கிடங்குத் தெரு, கிழக்கே கயிற்றுக்காரத் தெரு. மனையை ஒட்டிய நடைபாதையில் எங்கள் அப்பாக்கள் பிறந்தார்கள், நாங்கள் பிறந்தோம், எங்களில் சிலருக்குப் பிள்ளைகளும் பிறந்தார்கள். அன்று காலை அடுப்பு மூட்டக் குனிந்த சகாயமேரி அக்காதான் அதை முதலில் பார்த்தது. முதுகில் வெயில் விழவில்லையே என்று நிமிர்ந்தவள், "எவடி அவ, காலங்காத்தால பந்தல் போட்டுகினு கீறது?" என்று கத்தினாள். மேலே பந்தல் இல்லை, மேகமும் இல்லை. காலிமனையில் எருக்கஞ்செடிகளைத் தவிர எதுவும் நிற்கவில்லை. ஆனால் தரையில், மனையின் விளிம்பிலிருந்து தொடங்கி நடைபாதையையும் தார் ரோட்டையும் தாண்டி எதிர்க்கடையின் இழுவைக் கதவு வரைக்கும், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் நிழல் கிடந்தது. சுவர் இருந்த இடம் கன்னங்கறுப்பாகவும் அறை இருந்த இடம் கொஞ்சம் வெளுப்பாகவும் ஜன்னல் இருந்த இடம் வெயிலாகவும், வெயிலின் நடுவே கம்பிகள் கோடு கோடாகவும் தெரிந்தன. உச்சியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியின் மேல் ஒரு காக்கை. அந்தக் காக்கை யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

இதில் நாங்கள் ஆச்சரியப்பட எதுவும் இருக்கவில்லை. அரசாங்கத்துக் காரியம் எதுவும் எங்கள் தெருவுக்கு ஒரே நடையில் வந்ததில்லை. குழாய் முதலில் வந்தது, தண்ணீர் அடுத்த தேர்தலுக்கு வந்தது. விளக்குக் கம்பம் முதலில் வந்தது, விளக்கு பல காலம் கழித்து வந்தது. அதுபோல நிழல் முன்னால் வந்திருக்கிறது, வீடு பின்னால் வரும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு நிழலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு வீடுகளைப் பிரித்துக்கொண்டோம். கால் முடியாதவர்களுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கீழ்த்தளம், மற்றவர்களுக்கு மாடிகள். அதன்பிறகுதான் நிழல் வீட்டில் குடியிருப்பது எவ்வளவு நடக்க வேண்டிய வேலை என்று புரிந்தது. காலையில் வீடு மேற்கே நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏற மனையை நோக்கிச் சுருங்கும். உச்சிப்பொழுதில் எருக்கஞ்செடிகளுக்குள் ஒடுங்கி நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் மறுபடி வீடில்லாதவர்களாவோம். பிறகு அது கிழக்கே கயிற்றுக்காரத் தெருவில் மெல்ல நீளும், நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மனைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போவோம். கீழ்த்தளத்துக்காரர்களுக்குக் கவலையில்லை, அவர்கள் வீடு மனையை ஒட்டியே கிடக்கும். மூன்றாம் மாடிக்காரர்கள்தான் வீட்டின் பின்னாலேயே ஓடினார்கள். மேகமூட்டமான நாளில் வீடு வராது. மழை பெய்யும்போதுதான் வீடு வேண்டும்; அப்போது பார்த்து அது இருக்காது. அன்றைக்குப் பழையபடி தார்ப்பாய்தான்.

ஆனாலும் பழகிப்போயிற்று. நிழலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். விருந்தாளிகள் நிலைப்படி இருக்குமிடத்தில் நின்று குரல் கொடுத்தார்கள். தபால்காரர் மாடி விசாரித்துத் தபால் கொடுத்தார். வீட்டுவசதி வாரியத்தின் உதவிப் பொறியாளர் தணிகைவேல் ஒருநாள் அளவு நாடாவோடு வந்து, நிழலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, பொழுதுக்குத் தகுந்த கழித்தலைச் செய்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, "அச்சு அசலா அப்படியே இருக்கு, ஓர் அங்குலம்கூட விலகல் இல்ல" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நிழலுக்குக் குடிநீர் இணைப்பு கேட்டோம். கட்டடம் வந்தபிறகுதான் முடியும் என்றார். நல்ல மனிதர். போகும்போது அவரும் செருப்பை வெளியே வந்துதான் மாட்டினார்.

தேசம்மாவுக்கு விழுந்தது மூன்றாம் மாடி, மேற்கு மூலை.

தேசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருப்பு மண்டிகளில் மூட்டை இறக்கும்போது சிந்துவதைக் கூட்டிப் புடைத்து, கல் நீக்கித் தரும் வேலை அவளுக்கு. முறம் பிடித்துப் பிடித்து அவள் விரல்கள் நடக்கும்போதும் கொஞ்சம் வளைந்தே இருக்கும். ஒரு விடியற்காலை தூக்கக் கலக்கத்தில் திரும்பிய லாரி நடைபாதையில் ஏறியதில் அவள் புருஷன் போனான். நடுவில் படுத்திருந்த மகள் மோனிஷா பிழைத்தாள். அந்த வாரமே தேசம்மா மகளைக் கொண்டுபோய் அரசுக் காப்பகத்தில் சேர்த்தாள். அங்கே இருந்த குழந்தை நல அதிகாரியம்மா, "கதவும் தாழ்ப்பாளும் இருக்கிற வீடு ஒண்ணு அமையட்டும், மறுநாளே உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னார். "வூடு வந்ததும் வந்துடறேன் கண்ணு" என்று தேசம்மா மகளிடம் சொன்னாள். அப்போது மோனிஷாவுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. இப்போது அவள் எட்டாம் வகுப்பு. பார்வை நாளில் தாயைக் கண்டதும் அவள் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்று இல்லை. வீடு வந்துச்சாம்மா என்றுதான்.

அதனால் எங்களில் யாரும் தேசம்மா அளவுக்கு அந்த நிழலில் குடியிருக்கவில்லை. வீடு எதிர்க்கடைப் படிக்கட்டில் விழும்போதும் அவள் அதைக் கூட்டினாள். கோலமாவில் கோலம் போட்டு, வீடு நகர்ந்ததும் நகர்ந்த இடத்தில் மறுபடி போட்டாள். மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் ஜீவரத்தினம் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வண்டியை நிழலுக்குள் விட்டுப் படுத்துவிட்டால், பிடித்துக்கொள்வாள்.

"இன்னா அண்ணாத்தே, அடுப்பாண்ட வண்டிய வுட்டுகினு கீற?"

"எங்கம்மே கீது அடுப்பு?"

"உன் தலைக்குப் பக்கத்துல. அது சமையல் ரூமு. எழுந்திரு."

"சோறு வடிச்சியா, கஞ்சியாவது குடேன். வூட்டுக்கு வந்தவன வெறுவயிறா அனுப்புற."

"மொதல்ல வண்டிய எடு. அப்பால வாசல்ல வந்து கூப்டு. தர்றேன்."

அவன் வண்டியை வெயிலுக்குத் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் சுற்றி வந்து, இல்லாத கதவை விரல் மடக்கித் தட்டுவான். அவள் நிஜமான சொம்பில் நிஜமான கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களுக்கு அது தெரியாது. நாங்கள் சுவர் இல்லாமல் பிறந்து சுவர் இல்லாமல் வளர்ந்தவர்கள். ஒருத்தி குளிக்கும்போதும், புருஷன் பெண்டாட்டி சண்டை போடும்போதும், யாராவது யாரும் பார்க்காமல் அழ வேண்டியிருக்கும்போதும், சுற்றியிருப்பவர்கள் பேச்சைப் பாதியில் விட்டு முதுகைத் திருப்பிக்கொள்வோம். அதற்குச் சுவர் வைப்பது என்று பெயர். "சொவரு வை" என்று ஒரு குரல் கேட்டால் கைக்குழந்தையையும் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். சுவர் வைத்தவர்கள் எதையும் பார்த்ததில்லை, எதையும் கேட்டதில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. நிழல் வீடு வந்தபிறகும் நாங்கள் இந்த வழக்கத்தை விடவில்லை, நிழல் எதையும் மறைக்காது என்பதால்.

அந்தத் தைமாதம் பொங்கல் விடுப்புக்குத் தாயோடு இருக்க மோனிஷாவை அனுப்பினார்கள். வீடு வந்துவிட்டது என்று தேசம்மா முந்தைய பார்வை நாளிலேயே சொல்லியிருந்தாள். எந்த மாடி, எத்தனை ஜன்னல், ஜன்னலில் நின்றால் என்ன தெரியும் என்று மகள் கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மோனிஷா நடைபாதையைப் பார்த்தாள், காலிமனையைப் பார்த்தாள், ரோட்டின் குறுக்கே கிடந்த பெரிய நிழலைப் பார்த்தாள். ஒளி நேர்கோட்டில் செல்லும், பொருள் இருந்தால்தான் நிழல் விழும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பெண் அவள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். தேசம்மா மட்டும் கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து என்று எனக்குத் தோன்றியது, ஒருவேளை ஒரு மூச்சு நேரமாக இருக்கலாம், மோனிஷா நிழலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள்.

"கதவு எங்கம்மா?"

"இங்க. இப்டி வா."

உள்ளே போனதும் அவள் திரும்பி, கதவு இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டி, தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்து, மெல்ல இழுத்துப் போட்டாள். தாயைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா வீடு" என்றாள்.

சகாயமேரி அக்கா, "சொவரு வைங்கடி" என்றாள். வைத்தோம்.

அந்த நேரத்தில்தான் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். வீடில்லாதவர்களுக்கான நிதி அந்த ஆண்டு முடிவதற்குள் செலவாக வேண்டும், எந்த இடத்தில் எத்தனை குடும்பத்துக்கு வீடு தேவை என்று நேரில் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது உத்தரவு. வந்த மேடம் இளம்வயது. வெயிலில் அலைந்து முகம் சிவந்திருந்தது. யார் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுத வேண்டும், தானாக எதையும் சேர்க்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள் போல. முதலில் தேசம்மாவிடம்தான் வந்தார்.

"அம்மா, உங்களுக்கு வீடு இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். தேசம்மாவுக்கும் அது தெரியும். அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் மோனிஷா, தாழ்ப்பாள் மேல் வைத்த கையை இன்னும் எடுக்காமல் நின்றிருந்தாள்.

"இருக்கு மேடம்," என்றாள் தேசம்மா. "மூணாவது மாடி."

நாங்கள் முதுகைத் திருப்பி நின்றிருந்தோம். சுவர் வைத்தவர்கள் எதையும் கேட்டதில்லை. ஆனால் மேடம் எங்கள் முதுகுகளைத் தேடி ஒவ்வொருவராக வந்தார். "உங்களுக்கு?" என்று சகாயமேரி அக்காவிடம் கேட்டார். தேசம்மாவுக்கு மட்டும் வீடு இருந்து மற்றவர்களுக்கு இல்லையென்றால் மோனிஷா என்ன நினைப்பாள்? சகாயமேரி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்களுக்குந்தான் கீது. மொத மாடி" என்றாள். ஜீவரத்தினம், "கீழ் வூடு மேடம், காத்து கொஞ்சம் கம்மி" என்றான். இப்படியே தெருக்கோடிவரை சொன்னோம். மேடம் நிமிர்ந்து காலிமனையைப் பார்த்தார், குனிந்து நிழலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நிச்சயமாவா?" என்று ஒருமுறை கேட்டார். நிச்சயம் என்றோம். தன் செருப்பு நிழலுக்குள் இருப்பதை அப்போதுதான் கவனித்தவர் போல இரண்டடி பின்னால் நகர்ந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

உப்புக்கிடங்குத் தெருவில் வீடற்றோர் எவரும் இல்லை என்று முடிவாயிற்று. இல்லாதவர்களுக்கு எதற்குக் கட்டடம்? மனையை வாகன நிறுத்தத்துக்குக் கொடுத்தார்கள். நிதியைத் திருப்பி அனுப்ப முடியாது, வரைபடத்துக்குச் செலவும் செய்தாகிவிட்டது என்பதால், அதே கட்டடத்தை, அதே மூன்று மாடியும் அதே கம்பி ஜன்னலும் அதே தொட்டியுமாக, நகரத்துக்கு வெகுதூரம் வெளியே, ஏரி இருந்து வற்றிப்போன ஒரு வெளியில் கட்டினார்கள். அது எழுந்து முடிந்த சமயம் எங்கள் நடைபாதையில் மழைநீர் வடிகால் தோண்ட வேண்டியிருந்தது. வீடு இருப்பவர்கள் நடைபாதையில் எதற்குப் படுத்திருக்கிறீர்கள் என்று ஓர் அதிகாரி கேட்டார். அது நியாயமான கேள்வி. அவரே இரக்கப்பட்டு அந்தப் புதுக் கட்டடத்தில் எங்களுக்கு இடம் வாங்கித் தந்தார். லாரிகள் வந்தன.

சாமான் ஏற்றும்போது தேசம்மா யார் கண்ணையும் பார்க்கவில்லை. சகாயமேரி அக்காவின் அடுப்பைத் தூக்கிக் கொடுக்கையில்தான் வாய் திறந்தாள்.

"என்னாலதான்க்கா."

"ஆமா, உன்னாலதான்," என்றாள் சகாயமேரி அக்கா. "இங்கியே வந்திருக்க வேண்டிய வூடு. பொறந்த எடம், பொழப்பு, மண்டி எல்லாத்தையும் வுட்டுட்டு ஏரிக்கு ஓடறோம். உன் ஒரு வாயால." அடுப்பை லாரிக்குள் தள்ளினாள். "பொண்ணு கண்ணெதிர்ல வேற இன்னாத்த சொல்லியிருப்ப? நான் இருந்தாலும் அத்தத்தான் சொல்லியிருப்பேன். அழுவாத. அந்தக் கொடத்தப் புடி, ஒடைச்சித் தொலைக்கப் போற."

புது வீடு நல்ல வீடு. அதைக் குறை சொல்லக்கூடாது. சுவரைத் தட்டினால் சுவர் சத்தம் வந்தது. குழாயைத் திறந்தால் கொஞ்சம் செம்மண் வந்து பிறகு தண்ணீர் வந்தது. மழையில் வீடு இருந்தது. குலுக்கலில் யாருக்கு எது விழுந்ததோ அதுவே இங்கும் அமைந்தது. தேசம்மாவுக்கு மூன்றாம் மாடி, மேற்கு மூலை. குழந்தை நல அதிகாரியம்மா வந்து கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, தலையசைத்தார். மறுநாள் மோனிஷா வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் முழுக்கத் தாயும் மகளும் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். கீழ்வீட்டு ஜீவரத்தினம், "இன்னாம்மே மாடில, ரயிலு வுட்டுகினு கீறீங்களா?" என்று கத்தும்வரை.

மறுநாள் வெயில் ஏறியதும்தான் கவனித்தோம். அந்தக் கட்டடத்துக்கு நிழல் இல்லை.

நடு வெளியில் அவ்வளவு உயரமாக நின்றது. சுற்றிலும் ஒரு முழம்கூட நிழல் விழவில்லை. காலையில் மேற்கே போய்ப் பார்த்தோம், வெயில். மாலையில் கிழக்கே போய்ப் பார்த்தோம், வெயில். நாய்கள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எங்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வேறு கட்டடம் தேடிப் போயின. மனு எழுதினோம். பொறியாளர் தணிகைவேலே வந்தார். கட்டடத்தைச் சுற்றி நடந்து, தன் கோப்பைப் புரட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வருத்தத்தோடு சொன்னார்: "நிழல் ஏற்கெனவே வழங்கியாச்சும்மா. உப்புக்கிடங்குத் தெருவுல. ஒரே கட்டடத்துக்கு ரெண்டு தடவை நிழல் தர விதி இல்ல."

"அப்ப அத்த இங்க மாத்திக் குடுங்க சார்," என்றாள் சகாயமேரி அக்கா.

"அந்த மனை இப்ப வேற துறைகிட்ட இருக்கு."

இதற்கும் பழகிக்கொண்டோம். வேப்பங்கன்றுகள் நட்டோம், அவற்றுக்கு அவற்றின் நிழல் மட்டும் விழுந்தது, அது குழந்தைகள் உட்காரும் அளவுகூட இல்லை. பஸ் நிறுத்தக் கூரையின் நிழலில் முறை வைத்து உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் ஓர் ஆண்டில் வந்தது. ஆஸ்பத்திரியும் அடிக்கடி பஸ்ஸும் வரும் என்றார்கள், அவற்றின் நிழல்கூட இன்னும் வரவில்லை. வேலை மட்டும் எங்களோடு வரவில்லை. மண்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தேசம்மா, சகாயமேரி அக்கா, வண்டியைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்திருந்த ஜீவரத்தினம், எல்லோரும் இருட்டோடு முதல் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, தெருவுக்குப் போய், மண்டி அடைத்ததும் திரும்பினார்கள். தேசம்மா கிளம்பும்போது மோனிஷா தூங்கிக்கொண்டிருப்பாள். வந்து சேரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அத்தனை வருஷம் காத்திருந்து கூட்டிவந்த மகளை ஞாயிற்றுக்கிழமை தவிர விழித்திருக்கும்போது அவளால் பார்க்கவே முடியவில்லை. காப்பகத்தில் இருந்தபோதும் அவளுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைதான்.

நிழல் அங்கேயேதான் இருந்தது. வாகன நிறுத்தமான மனையிலிருந்து அது காலையும் மாலையும் தெருவில் தவறாமல் விழுந்தது. கார்க்காரர்கள் அதற்காகவே போட்டி போட்டார்கள். ஒரு மாலை மண்டியிலிருந்து வந்த தேசம்மா, கால் பழக்கத்தில், கயிற்றுக்காரத் தெருவின் பக்கம் நீண்டு கிடந்த தன் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பஸ் வர நேரமிருந்தது. சமையலறை கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. அப்போது கதவின் நிழல் திறந்தது. முதுகில் பையோடு ஒரு சின்ன உருவத்தின் நிழல் உள்ளே வந்தது. திரும்பி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டது.

தேசம்மா குனிந்து பார்த்தாள். அந்த உருவம் பையை இறக்கியது. தண்ணீர் குடித்தது, கழுத்து நிமிர்ந்ததும் குவளை சாய்ந்ததும் தரையில் தெளிவாகத் தெரிந்தன. பின்னலை அவிழ்த்துச் சீவியது. பிறகு ஜன்னல் வெயிலில் வந்து நின்று, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் வெளியே பார்த்தது, பஸ் வரும் ரோட்டை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேசம்மா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் விட்டது இந்தமுறை எதுவும் இல்லை. மோனிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீ என்னைப் பார்ப்பே. நான் எப்படிம்மா உன்னைப் பார்ப்பேன்?"

"ஜன்னலாண்ட வந்து நில்லு கண்ணு," என்றாள் தேசம்மா. "நான் அங்கதான் குந்திகினு இருப்பேன்."

இப்போது தினமும் அப்படித்தான். மண்டி அடைத்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். தேசம்மா வீட்டுக்குப் போவாள். போன வாரம் நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன். வெயில் சாய்ந்து மூன்றாம் மாடி தெருவின் கடைசிவரை நீண்டிருந்தது. புதிதாக வந்த கார்க்காரர் ஒருவர் அங்கே வண்டியை நுழைக்கப் பார்த்தார். ஜீவரத்தினம் ஓடிவந்து கையைக் குறுக்கே நீட்டினான்.

"அங்க வுடாத சார்."

"ஏன்? காலியாத்தானே இருக்கு?"

"காலி இல்ல சார். அங்க ஒரு வூடு கீது."

கார்க்காரர் பார்த்தார். தரையில் நிழல், நிழலின் நடுவே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். அவர் எதுவும் கேட்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

கதவு திறந்தது. தாழ்ப்பாள் விழுந்தது. அதைப் பார்த்ததும் தேசம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. மோனிஷா அன்று தலை சீவவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. நேராக ஜன்னலுக்கு வந்து கம்பியில் நெற்றியை வைத்தாள். அவள் தோள்கள் குலுங்குவது தார் ரோட்டின் மேல் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்ததோ, யார் என்ன சொன்னார்களோ, கேட்க வழியில்லை. தேசம்மா முறத்தைக் கீழே வைத்தாள். மண்டியிட்டு நகர்ந்து, ஜன்னல் வெயிலின் ஓரத்தில் குனிந்து, வளைந்த விரல்களால் தார் ரோட்டை, அந்தத் தலை இருந்த இடத்தை, மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"சொவரு வை," என்றாள் சகாயமேரி அக்கா, டீ கிளாஸோடு.

ஜீவரத்தினம் திரும்பிக்கொண்டான். நான் திரும்பிக்கொண்டேன். காரைப் பூட்டிக்கொண்டிருந்த அந்த ஆள் எங்களைப் பார்த்து, என்னவென்று புரியாமல், தானும் மெதுவாகத் திரும்பி நின்றார்.